இஸ்தான்புல்லில் கூட்டுக் கண்காட்சி: தடை எந்தப் பக்கமிருந்து வரும், எதையெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும்?

வெண்பலகை (கேள்வி)

இஸ்தான்புல்லில் ஒரு தனியார் கலை மையத்தில் துருக்கிக் கலைஞர்கள் எட்டுப் பேரின் கூட்டுக் கண்காட்சி, ஆறு வாரம். மையம் ஒரு வங்கியின் பணத்தில் நடக்கிறது. க்யூரேட்டர் (கண்காட்சியைத் தொகுப்பவர்) வெளிநாட்டுக்காரர். பெரும்பாலான படைப்புகளில் சிக்கல் இல்லை. யோசிக்க வைப்பவை மூன்று:

ஒன்று, 2015-16 ஊரடங்கில் இடிபட்ட தென்கிழக்கு நகரத் தெருக்களைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்துத் துணியில் தைத்த பெரிய வரைபடம். இரண்டு, 1980களில் இஸ்தான்புல்லில் வாழ்ந்த திருநங்கைகளின் புகைப்படங்கள், கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள் கொண்ட நிறுவல். மூன்று, அதிபரின் பொது உரைகளை வெட்டி ஒட்டிய 11 நிமிட ஒலிப்படைப்பு.

கேட்க வேண்டியவை இவை. எந்தச் சட்டப் பிரிவுகளை உண்மையிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்? நடைமுறையில் நிறுத்துவது யார், நீதிமன்றமா, காவல்துறையா, பணம் கொடுப்பவரா? ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்? சுவர்க் குறிப்பில் சொற்களைத் தணித்துப் போடுவது கலைஞருக்குச் செய்யும் துரோகமா? பொதுவான கருத்துச் சுதந்திர விவாதம் வேண்டாம், செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

நடுவரி

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மூன்று படைப்புக்கும் ஆபத்து ஒரே இடத்திலிருந்து வரப்போவதில்லை.

அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு கலைச் சுதந்திரத்தைத் தனியாகவே உறுதி செய்கிறது. கலைஞரை அரசு பாதுகாக்க வேண்டும் என்று 64ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கு வந்தால் வக்கீல் இதைச் சொல்லித்தான் வாதாடுவார். ஆனால் வழக்கைத் தொடங்குபவர்கள் கையில் எடுப்பது தண்டனைச் சட்டம் 5237ஐயும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 3713ஐயும்.

துணி வரைபடத்துக்கு 3713இன் 7/2 பிரிவைப் பாருங்கள். பயங்கரவாத அமைப்புக்குப் பிரசாரம் செய்தது என்ற குற்றச்சாட்டு, 1 முதல் 5 ஆண்டு வரை சிறை. ஓவியர் ஜெஹ்ரா டோவானின் வழக்கை முழுமையாகப் படிப்பது அவசியம். நுசைபின் நகரம் இடிந்து கிடக்கும் காட்சியை, கட்டடங்களின் மேல் துருக்கிக் கொடிகள் தொங்க, அவர் வரைந்தார். மூலம் பாதுகாப்புப் படை தரப்பிலிருந்தே பரவிய ஒரு புகைப்படம். அந்த ஓவியத்தையும் சில செய்திகளையும் சமூக ஊடகத்தில் பகிர்ந்ததற்கு 2017 மார்ச்சில் 2 ஆண்டு 9 மாதம் 22 நாள் தண்டனை. 2019 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். மூலப்படம் அரசுத் தரப்பிலிருந்தே வந்திருந்தாலும் அது கவசம் ஆகவில்லை. படைப்பு மாட்டப்படுவதும் அதன் படம் எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்தில் பகிரப்படுவதும் தனித்தனி நிகழ்வுகள். அரசு வக்கீலின் மேசைக்கு முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஒலிப்படைப்புக்குத் தண்டனைச் சட்டத்தின் 299ஆவது பிரிவு. அதிபரை அவமதித்தல், 1 முதல் 4 ஆண்டு. பொது இடத்தில் என்றால் ஆறில் ஒரு பங்கு கூடும். வழக்குத் தொடர நீதி அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி அரிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெதாத் ஷோர்லி வழக்கில் 2021 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்தப் பிரிவையே மாற்றச் சொன்னது. பிரிவு அப்படியே இருக்கிறது. அந்த மனிதருக்கு விதித்தது 11 மாதம் 20 நாள், தீர்ப்பறிவிப்பைத் தள்ளிவைத்து. இரண்டு ஆண்டுக்கு மிகாத தண்டனைகளில் இந்தத் தள்ளிவைப்பு அடிக்கடி நடக்கும்: ஐந்தாண்டுக் கண்காணிப்பு, அதற்குள் வேறு குற்றம் வந்தால் பழையதும் சேர்ந்து வரும். சிறைக்குப் போகாத கலைஞரும் ஐந்தாண்டு வாயைத் திறக்கத் தயங்குவார். எட்டுப் பேரில் யாராவது இப்போதே அந்தக் கண்காணிப்பில் இருக்கிறார்களா என்று அவரவர் வக்கீல் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

திருநங்கை ஆவணங்களுக்கு நேரடியான தண்டனைப் பிரிவு எதுவும் இல்லை. 226 ஆபாசம் பற்றியது. குழந்தைகள் கைக்கு எட்டாதபடி இருந்தால் கலைப் படைப்புக்கு விலக்கு உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. தனி அறை, வாசலில் வயது அறிவிப்பு, இரண்டையும் வைத்துவிடுங்கள். 216/3 மத மதிப்புகளை இழிவுபடுத்துவது, 6 மாதம் முதல் 1 ஆண்டு. 2021 ஜனவரியில் போகாசிச்சி பல்கலைக்கழக வளாகக் கண்காட்சியில் காபாவின் படத்தோடு வானவில் கொடிகள் இருந்த ஒரு கொலாஜுக்காக மாணவர்கள் கைதானது 216இல்தான். ஆகவே அந்த நிறுவலில் மதச் சின்னம் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு நறுக்கையும் எடுத்துப் பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்வதற்காக இல்லை, எதற்குத் தயாராக வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. இந்தப் படைப்புக்கு மெய்யான ஆபத்து நிர்வாகத் தடை.

ஊடுபாவு

நடுவரி விட்ட இடத்திலிருந்து. தண்டனைச் சட்டத்தால் ஒரு கண்காட்சி மூடப்படுவது குறைவு. மூடுவது பெரும்பாலும் மூன்று கைகள்: மாவட்ட நிர்வாகி, பணம் கொடுக்கும் குழுமம், வாசலுக்கு வரும் கூட்டம்.

மாவட்ட நிர்வாகி, அதாவது கைமக்காம். அவர் உள்துறை அமைச்சகத்தின் ஆள், மாநகராட்சியின் ஆள் அல்ல. 5442ஆம் எண் மாகாண நிர்வாகச் சட்டத்தைக் காட்டி, பொது ஒழுங்கு என்று இரண்டு பத்தி எழுதி, ஒரு நிகழ்ச்சியைத் தடைசெய்ய அவரால் முடியும். 2024 ஜூலையில் இஸ்தான்புல்லின் தோப்ஹானே பகுதியில் உள்ள டெப்போ கலை மையத்தில் துருக்கியின் டிரான்ஸ் வரலாற்றைப் பற்றிய கண்காட்சியைப் பெயோலு கைமக்காம் அலுவலகம் தடைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் மூபி திரைப்படத் தளத்தின் இஸ்தான்புல் விழாவில் ‘குயர்’ என்ற ஒரு படத்துக்கு மட்டும் கதிகோய் கைமக்காம் தடை போட்டார். ஒரு படத்தை எடுத்துவிட்டு மீதியை நடத்த மாட்டோம் என்று ஏற்பாட்டாளர்கள் விழா முழுவதையும் ரத்து செய்தார்கள். உங்கள் இரண்டாவது படைப்புக்கு நேரடியான முன்னுதாரணங்கள் இவை.

இந்த ஆணைக்கு எதிராக நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட 60 நாள் அவகாசம் உண்டு. கூடவே இடைக்காலத் தடையும் கேட்கலாம். ஆனால் உங்கள் கண்காட்சி ஆறு வாரம், அதாவது 42 நாள். தீர்ப்பு வரும்போது சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருக்கும். அதனால் வழக்கு மனுவின் வரைவு திறப்பு விழாவுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஆணை கையில் கிடைத்த அன்றே தாக்கல். கால தாமதம் என்ன செய்யும் என்பதற்கு மெஹ்மெத் அக்சோயின் ‘மனிதநேய நினைவுச்சின்னம்’ போதும். கார்ஸ் நகரில் நின்ற அந்தப் பெருஞ்சிலையை 2011 ஜனவரியில் அப்போதைய பிரதமர் எர்டோகன் விகாரம் என்றார், ஏப்ரலில் இடிப்பு தொடங்கிவிட்டது. சிற்பியின் கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது 2019இல்.

இப்போது பணம். துருக்கியில் சமகாலக் கலையின் பெரும்பகுதி அரசின் பணத்தில் நடப்பதல்ல. ஆர்டெர் கலை மையம் வெஹ்பி கோச் அறக்கட்டளையுடையது. சால்ட் கலை மையம் கராந்தி வங்கியுடையது. சபான்ஜி, எக்ஸாசிபாஷி, போருசான் எல்லாம் தொழில் குடும்பங்கள். ஐ.கே.எஸ்.வி. அறக்கட்டளை நடத்தும் இஸ்தான்புல் பினாலேவுக்கு (ஈராண்டுக்கொருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) 2007 முதல் கோச் குழுமம் முதன்மைப் புரவலர். இவர்கள் யாரும் அரசுக்கு வெளியே நிற்பவர்கள் இல்லை. உரிமங்கள், டெண்டர்கள், வரிச் சோதனைகள் என்று ஆயிரம் கயிறுகள். 2013இல் இஸ்தான்புல்லின் கெஸி பூங்காவில் தொடங்கிய அரசு எதிர்ப்புப் போராட்டத்தில் கோச் குழுமத்தின் திவான் ஹோட்டல் போராட்டக்காரர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. அடுத்த மாதமே, ஜூலையில், அதே குழுமத்தின் துப்ராஷ் எண்ணெய் நிறுவனத்தில் வரி அதிகாரிகள் சோதனைக்கு இறங்கினார்கள். யாரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. ஒவ்வொரு கலை மைய இயக்குநருக்கும் செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது.

வங்கிப் பணத்தில் நடக்கும் இடம் என்கிறீர்கள், ஆகவே 2016ஐப் பாருங்கள். அக்பாங்க் வங்கியின் கலை மையமான அக்பாங்க் சனாத் தானே நடத்திய க்யூரேட்டர் போட்டியில் வென்ற கண்காட்சி ‘போஸ்ட்-பீஸ்’, க்யூரேட்டர் கத்யா குருபென்னிகோவா. பிப்ரவரி இறுதியில், திறப்புக்குச் சில நாட்களே இருக்க, நாட்டின் சூழ்நிலையைக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். அதற்கு முன்பே பெலித் சாவின் ஒரு காணொளிப் படைப்பு வேண்டாம் என்று அழுத்தம் வந்திருந்தது. அவர் பிறகு அதைப் பகிரங்கமாக எழுதினார். ஒரு படைப்பைப் பற்றிய முணுமுணுப்பு தொடங்கி, முழுக் கண்காட்சியும் போகும் வரை உள்ள இடைவெளிதான் க்யூரேட்டர் ஏதாவது செய்யக்கூடிய காலம். முதல் முணுமுணுப்பை மின்னஞ்சலில் பதிவு செய்யாமல் விட்டால் அந்தக் காலம் கைநழுவும்.

மூன்றாவது, கூட்டம். 2010 செப்டம்பரில் தோப்ஹானேயில் ஒரே மாலையில் நடந்த கேலரித் திறப்புகளில் புகுந்து தாக்கினார்கள். 2016இல் கன்டெம்பரரி இஸ்தான்புல் கலைச் சந்தையில் அலி எல்மாஜியின் சிற்பத்தில் சுல்தான் இரண்டாம் அப்துல்ஹமீதின் முகம் இருந்ததற்காக ஒரு குழு உள்ளே வந்து தகராறு செய்தது. 2023 கோடையில் இஸ்தான்புல் மாநகராட்சி புதுப்பித்துத் திறந்த ஃபெஸ்ஹானேயில் முதல் கண்காட்சியே தாக்கப்பட்டது. அதே ஃபெஸ்ஹானேயில்தான் 1992இல் வாசிஃப் கோர்துன் இயக்கிய மூன்றாம் பினாலே நடந்தது. ஹாலே தெங்கெர் சின்னச் சின்னப் பித்தளைப் பொம்மைகளால் பிறையும் நட்சத்திரங்களும் அமைத்த படைப்பும் அங்கேதான் இருந்தது. தேசியச் சின்னத்தை அவமதித்ததாக அவர்மேல் வழக்கு வந்தது, பிறகு விடுதலை. எதற்குச் சொல்கிறேன் என்றால், கலைக்கு வரும் இந்தத் தொல்லை இப்போதைய ஆளுங்கட்சி வந்தபின் தொடங்கியது என்று சுவர்க் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். வரலாறாகவும் அது தவறு, உள்ளூர்ப் பார்வையாளர் அந்த இடத்திலேயே உங்கள் மீதான நம்பிக்கையை இழப்பார்.

வெண்பலகை

இருவருக்கும் நன்றி. இடைக் கேள்வி ஒன்று. ஒலிப்படைப்பை அறை முழுக்கக் கேட்கும்படி வைக்காமல் ஹெட்போனில் கொடுத்தால் ‘பொது இடத்தில்’ என்ற கூறு தவிர்க்கப்படுமா? இன்னொன்று, மையம் ‘கட்டடத்தில் தொழில்நுட்பக் கோளாறு’ என்று சொல்லித் தள்ளிவைத்தால் அதைத் தணிக்கை என்று எப்படி நிரூபிப்பது?

நடுவரி

ஹெட்போன் உதவாது. யார் வேண்டுமானாலும் வந்து மாட்டிக் கேட்கலாம் என்றால் அது பொதுதான். உதவுவது வேறு: 11 நிமிடத்தில் வரும் ஒவ்வொரு துண்டும் எந்த உரை, எந்தத் தேதி, எந்த நிமிடம் என்ற அட்டவணை. அதைக் கலைஞர் தயாரித்து அவரது வக்கீலிடம் வைக்க வேண்டும், கண்காட்சியில் ஒட்ட வேண்டியதில்லை. துண்டுகளை அடுக்குவதும் சொற்களை ஒட்டி அவர் சொல்லாத வாக்கியத்தை உருவாக்குவதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை இருந்தால் 299க்கு வாதாடுவது மிகக் கடினம். எது இருக்கிறது என்று தெரியாமல் க்யூரேட்டர் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

தறிமேடை

‘தொழில்நுட்பக் கோளாறு’ பற்றி. சால்டின் பெயோலு கட்டடம் 2016 ஜனவரியில் மூடி 2018இல்தான் திறந்தது. அனுமதி, தொழில்நுட்பம் என்றே அறிவிப்பு இருந்தது. அரசியல் காரணம் என்று பலர் சந்தேகித்தார்கள், நிரூபணம் இல்லை. நிரூபிக்க முடியாமல் இருப்பதே இந்த முறையின் பலம். அதனால் உள்நோக்கத்தை நிரூபிக்க நேரம் செலவழிக்காதீர்கள். காரணம் எதுவாக இருந்தாலும் நிறுவனத்துக்குக் கடமைகள் வரும்படி ஒப்பந்தத்தை எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும். படைப்புப் பட்டியல் பெயர், அளவு, நிமிடம், புகைப்படத்தோடு இணைப்பாக இருக்க வேண்டும். திறப்புக்கு 12 வாரம் முன்பு இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. அதன்பின் எந்தப் படைப்பையும் எடுக்கவோ, மறைக்கவோ, இடம் மாற்றவோ, ஒலியைக் குறைக்கவோ வேண்டுமென்றால் நிறுவனம் எழுத்தில் காரணம் சொல்லி, பொறுப்பாளர் பெயரோடு, கலைஞருக்கும் க்யூரேட்டருக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொன்னால், அன்று மாலையே ‘இன்று நீங்கள் சொன்னதாக நான் புரிந்துகொண்டது இது’ என்று நீங்களே மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராவிட்டாலும் ஆவணம் உருவாகிவிடும்.

கண்காட்சி ரத்தானாலும் கலைஞர் ஊதியம் முழுவதும், தயாரிப்புச் செலவு முழுவதும், திருப்பி அனுப்பும் செலவும் நிறுவனத்தினுடையது. ‘தவிர்க்க முடியாத நிகழ்வு’ என்ற பிரிவு எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அதில் ‘பாதுகாப்புச் சூழல்’, ‘நாட்டின் நிலைமை’, ‘பொது உணர்வு’ போன்ற சொற்கள் இருந்தால் அடித்துவிட்டு, எழுத்துபூர்வமான அரசு ஆணை மட்டுமே அந்தப் பிரிவில் சேரும் என்று மாற்றுங்கள். பணம் மூன்று தவணை: கையெழுத்தின்போது 40 சதவீதம், படைப்பு வந்து இறங்கும்போது 40, திறப்பன்று 20 என்பது போல. திறப்புக்குப் பின் பெருந்தொகை நின்றால் கலைஞருக்குப் பேரம் பேசும் வலிமை இருக்காது. தொகையை லிராவில் மட்டும் எழுதினால் பணவீக்கத்தில் கரையும், எந்த நாளின் மாற்று விகிதம் என்றும் எழுதுங்கள்.

துருக்கியின் படைப்புரிமைச் சட்டம் 5846 உங்களுக்கு நல்ல ஆயுதம். 14ஆவது பிரிவு படைப்பை எப்போது, எப்படி வெளியிடுவது என்ற உரிமையைப் படைப்பாளிக்கே தருகிறது. 16ஆவது பிரிவு அவர் அனுமதியின்றி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. கடிதங்களில் சிலவற்றை மட்டும் உருவி எடுப்பது, ஒலிப்படைப்பின் நீளத்தைக் குறைப்பது, வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் துணியால் மூடுவது எல்லாம் 16இன் கீழ் வரும். தணிக்கை என்று சண்டை போடும்போது காதில் வாங்காத நிறுவன வக்கீல், 16ஆவது பிரிவு மீறல் என்றால் உட்கார்ந்து பேசுவார்.

இரண்டு உப பிரிவுகளைப் பலரும் மறக்கிறார்கள். ஒரு படைப்பு நீக்கப்பட்டால் மற்ற ஏழு பேருக்கும் அபராதமின்றி விலகும் உரிமை. நீக்கப்பட்ட இடத்தைக் காலியாக விட்டு, படைப்பின் பெயர்ச்சீட்டை மட்டும் வைத்திருக்கும் உரிமை. இவை எழுத்தில் இல்லாவிட்டால், இரவோடு இரவாக மற்ற படைப்புகளை நகர்த்தி இடைவெளியை அடைத்துவிடுவார்கள்; பார்வையாளருக்கு எதுவும் தெரியாது.

காப்பீடு: வழக்கமான கலைப் பாலிசி அரசு பறிமுதலை விலக்கி வைக்கும். கலவரம், வேலைநிறுத்தம், உள்நாட்டுக் குழப்பம் தனி இணைப்பாக வாங்க வேண்டியவை. ஃபெஸ்ஹானே மாதிரி நடந்தால் அந்த இணைப்பு இல்லாமல் ஒரு லிரா வராது. பறிமுதலுக்குக் காப்பீடு கிடைப்பது அபூர்வம், ஆகவே மாற்றுப் பிரதி ஏற்பாடு: ஒலிக்கோப்பின் மூலம் துருக்கிக்கு வெளியே ஒரு வன்தட்டில், ஆவணங்களின் தரமான ஸ்கேன் கலைஞர் குறிக்கும் இன்னொருவரிடம். மூலக் கடிதங்களுக்குப் பதில் நகல் வைக்க முடியுமா என்று கேளுங்கள். திருநங்கைகள் பலரின் முகமும் பெயரும் அதில் இருக்கும். உயிரோடிருப்பவர் ஒவ்வொருவரிடமும் எழுத்துபூர்வ சம்மதம், படம் இணையத்தில் போகலாமா என்பதற்குத் தனிச் சம்மதம்.

திறப்புக்கு ஒரு வாரம் முன் வரவேற்பில் இருப்பவருக்கும் காவலர்களுக்கும் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். காவல்துறை வந்தால் யாரை அழைப்பது (வக்கீலின் இரண்டு எண்கள்), ஆணையின் நகல் கேட்பது, வாசிக்காமல் எதிலும் கையெழுத்திடாமல் இருப்பது, பதிவறிக்கையின் பிரதி வாங்குவது. படைப்பைக் கைப்பற்ற நீதிபதி ஆணை தேவை. அவசரம் என்று அரசு வக்கீல் எழுதினாலும் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் வைக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆவது பிரிவு. அந்த நேரத்தை எழுதி வைத்தால்தான் பிறகு கேள்வி கேட்க முடியும். கழற்றும்போது நிலை அறிக்கையும் புகைப்படமும் கட்டாயம். சேதம் எப்போது நேர்ந்தது என்பதற்கு வேறு சான்று கிடைக்காது.

மாடவிளக்கு

தறிமேடை சொன்னது எல்லாம் சரி. ஆனால் ‘கலைஞர் ஆபத்தை அறிந்து முடிவெடுத்தார், போதும்’ என்று இந்த இழை போய்விடக் கூடாது. விலை கொடுப்பது கலைஞர் மட்டுமில்லை.

டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் அனடோலு குல்துர் அமைப்பை 2002இல் நிறுவிய ஒஸ்மான் கவாலா 2017 அக்டோபரில் கைதானார். அவரை விடுவிக்க வேண்டும், கைதுக்கு மறைமுக நோக்கம் இருந்தது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொன்னது. 2020 பிப்ரவரியில் விடுதலைத் தீர்ப்பு வந்த அன்றே மறுபடி பிடித்தார்கள். 2022 ஏப்ரலில் கடுங்காவல் ஆயுள் தண்டனை. அதே வழக்கில் திரைப்படத் தயாரிப்பாளர் சிடெம் மாதெருக்கு 18 ஆண்டு. கெஸி பற்றி எடுக்க நினைத்த, எடுத்து முடிக்காத ஒரு படமும் அவருக்கு எதிரான சான்றாக வைக்கப்பட்டது. இவர்கள் ஓவியம் வரைந்தவர்கள் இல்லை. இடம் கொடுத்தவர்கள், பணம் திரட்டியவர்கள், ஆட்களைச் சந்திக்க வைத்தவர்கள். க்யூரேட்டரின் வேலையும் அதுதானே?

ஆகவே ஆபத்துப் பட்டியலில் உதவி க்யூரேட்டர், மொழிபெயர்ப்பாளர், மையத்தின் சமூக ஊடகப் பொறுப்பாளர், வரைபடத்தைத் தைக்க உதவியவர்கள் எல்லோரும் வர வேண்டும். பதிவேற்றம் யார் கணக்கிலிருந்து என்று முடிவு செய்யுங்கள். இளம் ஊழியரின் சொந்தக் கணக்கிலிருந்து ஒருபோதும் வேண்டாம். நன்றிப் பட்டியலில் பெயர் போடும் முன் ஒவ்வொருவரையும் கேளுங்கள். வெளிநாட்டு நிதி வந்தால் எவ்வளவு, எதற்கு என்று கணக்கு தெளிவாக இருக்கட்டும். கெஸி வழக்கில் வெளிநாட்டுப் பணத்தைத்தான் சதி என்று சொன்னார்கள். க்யூரேட்டர் விமானம் ஏறிப் போய்விடலாம், இவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

சமூக ஊடகத்தில் க்யூரேட்டர் எழுதுவதே கண்காட்சியை மூடவைக்கும் என்பதற்கு 2016இன் சனக்கலே பினாலே சான்று. ‘தாய்நாடு’ என்ற கருப்பொருளோடு செப்டம்பரில் திறக்க இருந்தது. இயக்குநர் பெரால் மாத்ராவின் பதிவுகளைக் காட்டி ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் தாக்கினார். மாத்ரா விலகினார், விலகியும் பினாலே ரத்தானது. ஒருவர் பதவி துறந்தால் நிகழ்ச்சி பிழைக்கும் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை.

சுவர்க் குறிப்பு பற்றிக் கேட்டீர்கள். தணிப்பது வேறு, துல்லியமாக்குவது வேறு. ‘அரச பயங்கரம்’ என்பதற்குப் பதில் ஊரடங்கு அறிவித்த தேதி, பகுதியின் பெயர், வரைபடத்தின் அளவு விகிதம், செயற்கைக்கோள் படத்தின் தேதி எல்லாம் எழுதினால் குறிப்பு வலுவாகும், குற்றச்சாட்டுக்குப் பிடியும் குறையும். ஆனால் ‘தென்கிழக்கின் மாறிவரும் நகர்ப்புற நிலப்பரப்பு’ என்று எழுதினால் அது பொய். கலைஞர் வேண்டாம் என்றால் அச்சிடக் கூடாது. துருக்கி, குர்து, ஆங்கிலம் மூன்றிலும் ஒரே பொருள் வருகிறதா என்று ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி ஆள் படிக்கட்டும்; ஆங்கிலத்தில் துணிச்சலாகவும் துருக்கியில் மழுப்பலாகவும் எழுதுவதுதான் எனக்குத் துரோகமாகப் படுகிறது. கேட்டலாக்கை இன்னும் கவனமாகப் பாருங்கள். 2015 வெனிஸ் பினாலேயின் துருக்கி அரங்கில் கலைஞர் சார்கிஸின் கண்காட்சி திறந்தே இருந்தது. கேட்டலாக்தான் விலக்கப்பட்டது, உள்ளே ஒரு கட்டுரையில் ஆர்மீனிய இனப்படுகொலை என்ற சொல் இருந்ததற்காக. அந்த அரங்கின் க்யூரேட்டர் டெஃப்னே அயாஸ். 2024க்குத் திட்டமிட்ட 18ஆவது இஸ்தான்புல் பினாலேவுக்கு ஆலோசனைக் குழு அவரைப் பரிந்துரைத்தும் ஐ.கே.எஸ்.வி. அதே குழுவில் இருந்த இவோனா பிளாஸ்விக்கை நியமித்தது. கலைஞர்களின் எதிர்ப்பு, குழுவினர் சிலர் விலகல், கடைசியில் பிளாஸ்விக்கும் விலக, பினாலே 2025க்குத் தள்ளிப்போய் கிறிஸ்டின் தோமேயின் கைக்கு வந்தது. 2015இன் அந்தக் கேட்டலாக்தான் காரணமா என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

ஊடுபாவு

மாடவிளக்கோடு ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். விலகுவது எப்போதும் தோல்வியில்லை. 2013இல் ஃபுல்யா எர்டெம்ஜி 13ஆவது பினாலேவைப் பொது இடங்களில் நடத்தத் திட்டமிட்டிருந்தார். கெஸிக்குப் பிறகு, மக்களை அடித்த அதே அதிகாரிகளிடம் தெருவுக்கு அனுமதி கேட்பதில் அர்த்தமில்லை என்று தெருவிலிருந்து விலகி உள்ளரங்குக்குப் போனார், நுழைவை இலவசமாக்கினார். எதற்காக விலகுகிறோம் என்பதை அவர் பகிரங்கமாகச் சொன்னார். காரணம் சொல்லாத விலகல் நிறுவனத்துக்கு வசதியாகிவிடும். ஆகவே மூடும் சூழல் வந்தால் வெளியிட வேண்டிய அறிக்கையை இப்போதே எட்டுப் பேரும் சேர்ந்து எழுதி, யார் கையெழுத்திடுவார், யார் பெயர் வேண்டாம் என்பார் என்று தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தான இரவில் எட்டுப் பேரை ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவர முடியாது.

மாற்று இடமும் பேசி வைக்கலாம். ‘போஸ்ட்-பீஸ்’ பிறகு 2017இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் காட்டப்பட்டது. ஆனால் வெளிநாட்டில் ‘துருக்கி தடைசெய்த கண்காட்சி’ என்று விளம்பரம் செய்தால், துருக்கியில் இருக்கும் கலைஞரின் வழக்குக் கோப்பில் அந்தச் சுவரொட்டியும் சேரும். தலைப்பைக் கலைஞர்களே முடிவு செய்யட்டும்.

தறிமேடை

கடைசியாகப் பதிவு செய்யும் வேலை. 2011இலிருந்து சியா பாந்த் என்ற ஆய்வுக் குழு கலைத் தணிக்கை வழக்குகளைத் தொகுத்து ஆய்வு செய்தது. 2016 முதல் சுஸ்மா தளம் அந்த வேலையைச் செய்கிறது. அவர்களுக்கு அனுப்பும்போது ஆணையின் ஸ்கேன், மின்னஞ்சல் சங்கிலி, தேதிவாரிக் குறிப்பு, படைப்பின் படம் நான்கும் வேண்டும். கலைஞரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எதையும் அனுப்ப வேண்டாம். வழக்கு நிலுவையில் இருந்தால் முதலில் வக்கீல் பார்க்கட்டும். மின்னஞ்சல்களைத் தலைப்புத் தகவல்களோடு கோப்பாகச் சேமியுங்கள். திரைப்பிடிப்பை நீதிமன்றத்தில் யாரும் எளிதாகக் கேள்வி கேட்டுவிடுவார்கள்.